அரைகுறையாகக் கேட்ட சேதி

ஒருவர் சொன்னதை மற்றவர் வேறுவிதமாக எடுத்துக்கொள்வதால் எத்தனையோ குடும்பங்களில் மனஸ்தாபம் மூள்கிறது. அந்த மனஸ்தாபத்தைத் தீர்க்கிற வைத்தியமே, வேறுவிதமாக எடுத்துக்கொண்ட ஒரு பேச்சிலிருந்து கிளைத்தது என்றால் வேடிக்கைதானே? குடும்ப சிகிச்சையின் சரித்திரத்தில் அப்படி ஓர் அத்தியாயம் உண்டு.

லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் ஜான் பௌல்பி என்ற மனநோய் வைத்தியரிடம் 13 வயதுப் பையன் ஒருவன் வந்துகொண்டிருந்தான். படிப்பு ஏறவில்லை, வீட்டிலோ ஓயாத தகராறு. இரண்டு வருஷம் வாரந்தோறும் சிகிச்சை நடந்தும் பலன் சொற்பம். பிள்ளையைத் தனியாகவும் தாயாரைத் தனியாகவும் பார்ப்பதுதான் அக்கால வழக்கம். பௌல்பி அதை மீறித் தாய், தகப்பன், மகன் மூவரையும் ஒரே அறையில் உட்கார வைத்தார்.

இரண்டு மணி நேரப் பேச்சு. பெரும்பகுதி ஒருவர் மேல் ஒருவர் படித்த குற்றப்பத்திரிகைதான். வைத்தியர் யார் பக்கமும் சாயவில்லை. இந்தத் தொல்லையில் மூவருக்கும் பங்குண்டு என்றார். ஓயாமல் கடிந்துகொள்ளும் பெற்றோரும் ஒரு காலத்தில் மனம் நொந்த குழந்தைகளாக இருந்தவர்களே என்று எடுத்துக் காட்டினார். மெல்ல மெல்லக் கோபம் இறங்கி, அந்த இடத்தில் பரிவு தலைகாட்டியது. 1949-இல் பௌல்பி இதை எழுதி வெளியிட்டார். ஆனால் அவருக்கு இது எப்போதாவது கையாளும் உபாயம்தான்.

1951-இல் லண்டனுக்கு வந்த ஜான் பெல் என்ற அமெரிக்கப் பேராசிரியர், இந்தச் சேதியைப் பேச்சுவாக்கில் கேள்விப்பட்டார். முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை குடும்பம் முழுவதையும் சேர்த்தே பார்க்கிறார்கள் போலும் என்று எண்ணிக்கொண்டார். ஊர் திரும்பியதும் அப்படியே செய்தும் பார்த்தார். முதலில் பிள்ளைகளின் குறைகளைக் கேட்பார்; பெரியவர்கள் பொறுமையாகக் காது கொடுக்கவேண்டும். பிறகுதான் அவர்கள் முறை. விஷயத்தைத் தாம் தவறாகப் புரிந்துகொண்டது வெகு காலத்துக்குப் பின்னரே அவருக்குத் தெரிந்தது. அதற்குள் வைத்தியம் வேரூன்றிவிட்டது. 1960-இல் நியூயார்க்கில் நேதன் ஆக்கர்மன் இதற்கென்றே ஒரு நிலையம் தொடங்கினார்.

நம் வீடுகளிலும் பெரியவர்கள் கூடிப் பஞ்சாயத்துச் செய்வது உண்டு. அங்கே தீர்ப்பு இருக்கும். தீர்ப்பு இருந்தால் தோற்றவரும் இருப்பார். தோற்ற மருமகளோ மகனோ மறுநாளும் அதே கூடத்தில்தான் சாப்பிட உட்காரவேண்டும். லண்டன் அறையில் தீர்ப்பே கிடையாது. குற்றவாளியைத் தேடுவதை விட்டுவிட்டதால்தான் அந்த மூவருக்கும் ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழுந்தது.