ஒரே பெட்டியில் இரண்டு குடித்தனம்

போன மாதம் என் மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸையும் நிறுவ உட்கார்ந்தேன். பார்ட்டிஷன் பிரிக்கும் திரையில் தப்பான வரியைத் தேர்ந்தெடுத்து என்டரைத் தட்டிவிட்டேன். இரண்டு வருடக் கல்லூரிப் படங்கள் போயே போச்சு! பேக்கப் எடுக்காதது என் தப்புதான். அந்த எரிச்சலில் இந்த இரட்டைக் குடித்தனத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

கதை 1983-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டியில் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் இருந்தது. டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்கு எம்பிஆர் என்று பெயர். அதில் 446 பைட் கணினியைத் துவக்கும் நிரலுக்கு. 64 பைட் நான்கு பார்ட்டிஷன்களின் விவரத்துக்கு. மீதி 2 பைட் அடையாள முத்திரை. வீட்டில் நான்கு அறை கட்டலாம், ஆனால் வாசல் ஒன்றே ஒன்று. பிற்காலச் சண்டைகள் பலவும் இந்த வாசலுக்காகத்தான்.

1991-ல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் இருந்த தன் கணினியில் லினக்ஸை எழுதினார். ஒருநாள் மோடத்துக்குப் போகவேண்டிய கட்டளையைத் தவறுதலாக ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டார். மினிக்ஸ் பார்ட்டிஷன் அழிந்தது! அதை மறுபடி நிறுவாமல், இனி லினக்ஸே போதும் என்று முடிவெடுத்தார். ஆக, இந்தத் தவறில் எனக்கு மூத்தவர் அவர் :-)

அடுத்து, எந்த இயங்குதளம் என்று கேட்க ஒரு வாயிற்காவலன் வேண்டியிருந்தது. 1990-களில் லிலோ வந்தது. அது கெர்னல் டிஸ்க்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளும். கெர்னலை மாற்றிவிட்டு லிலோவை மறுபடி ஓட்ட மறந்தால் லினக்ஸ் எழாது. 1995-ல் எரிக் போலேன் தொடங்கிய கிரப், கோப்பு முறையையே படித்துக் கெர்னலைத் தேடிக்கொள்ளும். பின்னாளில் பெரும்பாலான லினக்ஸ்கள் அதற்கே மாறின. ஆனால் விண்டோஸை மறுபடி நிறுவினால் அது எம்பிஆரைத் தன் நிரலால் நிரப்பிவிடும், கிரப் மெனு காணாமல் போகும். அதனால்தான் முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ் என்ற வரிசை வழக்கமானது.

யூஇஎஃப்ஐ வந்தபின் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் துவக்கக் கோப்புகளை வைக்கத் தனி ஃபோல்டர் கிடைத்தது. வாசல் சண்டை தீர்ந்ததா? 2012-ல் விண்டோஸ் 8 கணினிகளோடு செக்யூர் பூட் பரவியது. முத்திரை இல்லாத நிரலுக்கு அனுமதி இல்லை. மைக்ரோசாஃப்ட்டிடம் கையெழுத்து வாங்கிய ஷிம் என்ற சிறு நிரல் வழியாகவே பல லினக்ஸ்கள் உள்ளே நுழைந்தன. 2024 ஆகஸ்டில் ஒரு விண்டோஸ் அப்டேட், பழைய ஷிம் இருந்த பல இரட்டைக் கணினிகளில் லினக்ஸைத் துவங்கவிடாமல் தடுத்தது.

சாவி யார் கையில் என்பதே நாற்பது ஆண்டுக் கேள்வி. அதற்கு உங்களாலும் என்னாலும் பதில் சொல்ல முடியாது. பேக்கப் மட்டும் நம் கையில் இருக்கிறது. என்டர் தட்டுமுன் எடுத்துவிடுங்கள், நண்பர்களே!