கோல் கணக்கும் வாய்ப்புக் கணக்கும்

மூணாற்றிலிருந்து ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தொலைவில், படிப்படியாய் அமைந்த காய்கறி வயல்களின் நடுவே வட்டவடை என்னும் ஊர் இருக்கிறது. தமிழ் பேசும் குடிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் ஊர் அது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, தேவிகுளம் வட்டத்தோடு அவ்வூரும் கேரளத்தில் அமைந்தது.

அம்மலைநாட்டில் கால்பந்தாட்டம் தேயிலையோடு சேர்ந்தே வளர்ந்தது. 1940களில் தொடங்கிய ஃபின்லே கேடயப் போட்டியில் மூணாற்றுத் தோட்ட அணிகள் மோதின. அவற்றில் ஆடியவர்களில் பலர் தமிழ்த் தொழிலாளர்கள். தோட்டத்திலே பறித்த கொழுந்து அன்றன்றே நிறுக்கப்பட்டு ஏட்டில் ஏறும். ஆடுகளத்திலோ கோல் ஒன்றுதான் ஏட்டில் ஏறும். கோல்கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்துக்கும், நல்ல இடம் தேடி ஓடிய கால்களுக்கும் அங்கே எடை இல்லை.

மலைநாட்டு ஆட்டக்காரருக்கு மட்டும் நேர்ந்த குறை அன்று இது. நம்மைப்போல் தமிழகத்திற்கு வெளியே வாழ்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்று, செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில் பெற்ற பிள்ளை துளசிதாஸ் பலராம். மெல்பர்னில் 1956ஆம் ஆண்டு நடந்த ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் அவரும் ஒருவர். 1960இல் ரோம் நகரில், வலிமை மிக்க ஹங்கேரி 2-1 என்று நம்மை வென்றபோது, நமது ஒரே கோலை அடித்தவர் அவரே. 1962இல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வென்ற அணியிலும் ஆடினார். உடல்நலக் குறைவால் இளமையிலேயே ஆட்டத்தை விட்டார். 2023 பிப்ரவரியில் மறைந்தார். சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி ஆகியோரோடு அவர் பெயரையும் சேர்த்து 'மும்மூர்த்திகள்' என்று நாடு போற்றியது. எனினும், இன்று அவருடைய ஆட்டத்தை அளந்து பார்க்க விரும்புவோர்க்கு ஏடுகளில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் கோல் எண்ணிக்கையே.

கோலை மட்டுமன்றி ஆட்டத்தின் ஒவ்வொரு அசைவையும் எழுதிவைக்க வேண்டும் என்று முனைந்தவர் இங்கிலாந்தின் சார்லஸ் ரீப். விமானப் படையில் கணக்கராய்ப் பணியாற்றிய அவர், 1950 மார்ச் 18 அன்று ஸ்விண்டன் நகரில் ஓர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது குறிப்பேட்டை எடுத்தார். பல ஆண்டுக் குறிப்புகளை ஆராய்ந்து, 1968இல் பெர்னார்ட் பெஞ்சமின் என்பவருடன் ஒரு கட்டுரை வெளியிட்டார். சராசரியாக ஒன்பது பத்து உதைகளுக்கு ஒரு கோல் விழுகிறது என்பது அவர் கண்ட உண்மை. ஆனால் பெரும்பாலான கோல்கள் மூன்று கைமாற்றுக்குள் விழுவதைக் கண்டு, பந்தை நெடுந்தூரம் உதைப்பதே சிறந்தது என்று அவர் முடிவுகட்டினார். ஆட்டத்தின் முயற்சிகளில் பெரும்பான்மையும் அத்தகைய குறுகிய முயற்சிகளே என்பதை அவர் போதிய அளவு எண்ணவில்லை. எண்ணிக்கை மெய், அதிலிருந்து எடுத்த முடிவு பிழை.

பின்வந்தோர் உதைகள் எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணாமல் தரம் பிரித்தனர். 2004இல் பொல்லார்ட் முதலானோர், உதைத்த இடத்தின் தொலைவு, கோணம், எதிரி நின்ற இடைவெளி ஆகியவற்றைக் கொண்டு ஓர் உதை கோலாகும் வாய்ப்பைக் கணித்தனர். 2012 முதல் 'எதிர்பார்ப்புக் கோல்' என்ற பெயரில் இம்முறை உலகெங்கும் பரவிற்று. பெனால்டி உதைக்கு முக்கால் கோலுக்குச் சற்று மேற்பட்ட மதிப்பு. பெரும்பாலான நெடுந்தூர உதைகளுக்கு இருபதில் ஒரு பங்கும் தேறாது.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஓர் ஆட்டக்காரர் ஓராண்டில் பத்துக் கோல் அடித்தார். அவர் பெற்ற வாய்ப்புகளின் மதிப்பு ஆறே. மற்றொருவர் ஆறு கோல் அடித்தார். அவருடைய வாய்ப்புகளின் மதிப்பு ஒன்பது. ஊர் முன்னவரைத் தோளில் தூக்கும். பின்னவரை அணியிலிருந்து நீக்கும். ஆனால் வாய்ப்பை மிஞ்சி அடிக்கும் திறம் ஆண்டுதோறும் நிலைப்பது அரிது. மெஸ்ஸி போன்ற சிலருக்கே அது கைகூடுகிறது. நல்ல இடத்தை அடைந்து வாய்ப்புப் பெறும் திறமோ பெரும்பாலும் நிலைத்து நிற்கிறது. ஆதலின் மறுவருடம் பின்னவரே மிகுதியாக அடிக்கக்கூடும். ஒரு பருவத்துத் துரதிர்ஷ்டத்திற்காக இளைஞன் ஒருவனை வீட்டுக்கு அனுப்பிவிடாமல் காப்பதே இக்கணக்கின் பெரும்பயன்.

இதற்கும் எல்லை உண்டு. உதையில் முடியாத ஓட்டத்தை இது அளப்பதில்லை. நான்கைந்து ஆட்டங்களை வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் தகாது. ரீப் செய்த பிழை நமக்கும் பாடம்.

பலராமின் உதைகளை இனி எவரும் எண்ண முடியாது. மூணாற்றுத் தோட்டத்துப் பழைய ஆட்டக்காரரின் உதைகளையும் எண்ண முடியாது. ஆனால் இன்று நம் பிள்ளைகள் மும்பையிலோ பெங்களூரிலோ வட்டவடையிலோ ஆடும்போது, ஓரத்தில் ஒருவர் ஏடும் எழுதுகோலுமாக அமரலாம்; எங்கிருந்து உதைத்தான், என்ன ஆயிற்று என்று குறிக்கலாம். கொழுந்தை நிறுத்த நாம், உழைப்பின் இந்த வகையையும் நிறுக்கக் கற்போமாக.