வியன்னாப் பெண்களின் பயம்

பிரசவத்துக்குப் பயப்பிடுற பெண்ணிடம் "சும்மா பயப்பிடாத பிள்ளை" எண்டுதான் நாங்கள் சொல்லிப் பழகியிருக்கிறோம்.

1840களில் வியன்னாப் பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். முதலாவதில் மருத்துவ மாணவர்கள், இரண்டாவதில் மருத்துவிச்சி மாணவிகள். போய்ச் சேரும் நாளைப் பொறுத்தே பிரிவு. முதலாவதுக்குப் போக மாட்டோம் எண்டு பெண்கள் முழங்காலில் நின்று கெஞ்சினார்கள். 1846இல் அங்கே நூற்றுக்கு 11 தாய்மார் செத்தார்கள். மற்றதில் 3 பேர்கூட இல்லை. ஊருக்கே தெரிந்த சங்கதி.

வைத்தியர்கள் சிலரோ, அந்தப் பயமே பிரசவக் காய்ச்சலைக் கொண்டுவருது எண்டார்கள்! சாகக் கிடப்பவர்களிடம் போகும் பாதிரியாரின் மணிச்சத்தம் பெண்களைக் கலக்குதாம். இக்னாஸ் செம்மல்வைஸ் மணியை நிறுத்திப் பார்த்தார். சாவு குறையவில்லை.

பிணம் அறுத்த கையோடுதான் மாணவர்கள் பிரசவம் பார்க்க வந்தார்கள். 1847 மே மாதம் அவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் 2 அளவுக்கு இறங்கியது.