காலிக் கோட்டையில் கடை பார்க்கப் போகும் முன்



லீவு வந்துவிட்டது. மாத்தளையிலிருந்து வேன் பிடித்துக் காலிக்குப் போகும் குடும்பங்கள் இந்த முறையும் நிறைய. வெளிச்சவீட்டு முன்னால் ஒரு போட்டோ, கோட்டைச் சுவரில் ஒரு போட்டோ, ஐஸ்கிரீம், பிறகு பெட்லர் வீதிக் கடைகள். போங்கள், நல்ல இடம். போகுமுன் இதை வாசியுங்கள், கொஞ்சம் நீளம்தான்.

காலியின் கதை போர்த்துக்கேயரோடு தொடங்குவதாகவே நம் பிள்ளைகள் எழுதுகிறார்கள். 1344இல் இப்னு பதூதா தெவிநுவரையிலிருந்து "காலி" என்ற சிறிய ஊருக்கு வந்தார். அவருக்கு விருந்து கொடுத்தவர் இப்ராஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர். சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல்லில் 1409ஆம் ஆண்டுத் திகதி இருக்கிறது. சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தென்னாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு என்று மூன்று மொழியிலும் காணிக்கை எழுதிய கல். 1911இல் காலியில் அதைக் கண்டெடுத்தபோது ஒரு மதகின் மூடியாகக் கிடந்தது!

பிறகு நடந்தது பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். 1588இல் போர்த்துக்கேயர் கோட்டை, 1640இல் ஒல்லாந்தர், 1796இல் ஆங்கிலேயர். பழைய வாசலின் உட்பக்கத்தில் 1669 என்ற ஆண்டும் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னமும் மேலே ஒரு சேவலும் இருக்கும். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

இப்போது கடைகளுக்கு வருவோம். பெட்லர் வீதிக்கு ஒல்லாந்தர் காலத்துப் பெயர் சோனக வியாபாரிகளின் வீதி என்று பொருள்படும். நீங்கள் சட்டையும் மாணிக்க மோதிரமும் விலை கேட்கும் அந்த வீதியின் பெயரிலேயே நம் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆங்கிலேயர் காலத்தில் நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றக் காலியில்தான் நின்றன. இறங்கும் பயணிகளிடம் சோனக வியாபாரிகள் இரத்தினக்கல் விற்றார்கள். கப்பலில் வரும் ஐரோப்பியச் செய்திகளைக் கொழும்பிலிருந்த ஒப்சேர்வர் பத்திரிகை 1850களில் புறா மூலம் எடுத்ததென்றால் காலியின் மவுசைப் பாருங்கள். ஆனால் துறைமுகம் முழுக்க மறைபாறை. 1875இல் கொழும்பில் அலைதாங்கிச் சுவருக்கு அடிக்கல் வைத்தார்கள், 1885இல் முடித்தார்கள். கப்பல்கள் அங்கே போய்விட்டன. காசு இருந்தவர்களும் பின்னாலேயே போனார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது இதற்குப் பிறகு நடந்ததுதான். கோட்டைக்குள்ளே பஹ்ஜதுல் இப்ராஹீமிய்யா அரபுக் கல்லூரி தொடங்கியது 1892இல். வெளிச்சவீட்டுக்கு எதிரே, தூரத்தில் பார்த்தால் தேவாலயம் போலத் தெரியும் மீரான் ஜும்ஆ பள்ளிவாசல் எழுந்தது 1904இல். இரண்டுமே கப்பல்கள் போன பிறகு. வியாபாரம் விழுந்த ஊரில், போக வழியிருந்தும் இருந்துவிட்டவர்கள் கட்டியவை. நூறு வருடம் அந்தப் பழைய வீடுகளில் பிள்ளை பெற்று, ஓடு மாற்றி, ஜனாஸா எடுத்து வாழ்ந்ததால்தான் 1988இல் யுனெஸ்கோவுக்கு உலக மரபுரிமை என்று எழுத ஒரு ஊர் மிஞ்சியிருந்தது. இடித்துக் கட்ட அவர்களிடம் காசு இல்லை என்றும் சொல்லலாம். அதுவும் உண்மைதான்.

2004 சுனாமியில் வெளியே பஸ் நிலையமே அழிந்தபோது உள்ளே இருந்தவர்களை அந்தச் சுவர் காத்தது. விலையிலிருந்து காக்கவில்லை. வெளிநாட்டார் வாங்கும் காணிக்கான 100 வீத வரி 2002இல் நீங்கி 2004இல் மீண்டும் வந்தது. இடையிலும் முன்பின்னும் எத்தனையோ வீடுகள் கைமாறி ஹோட்டலும் பூட்டிக் கடையுமாகிவிட்டன. ஒல்லாந்தர் ஆஸ்பத்திரிகூட இன்று கடைத்தொகுதி. 2007இல் தொடங்கிய காலி இலக்கிய விழாவுக்கு உலகத்து எழுத்தாளர்கள் வருகிறார்கள், பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில். விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நாலு குமர்ப்பிள்ளைகள் உள்ள வாப்பாவுக்கு அந்த விலையை மறுப்பது லேசா? ஆனால் வீடுகள் குறையக் குறைய அந்தப் பள்ளியின் ஸஃப்பும் குறையும்.

ஆகவே அஸர் தொழுகையை மீரான் பள்ளியில் வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள பெரியவர்களுக்கு ஸலாம் சொல்லி, எந்த வீதி, யாருடைய வீடு என்று கேட்டுப் பாருங்கள். வாங்குவதென்றால் பீரளு லேஸ் வாங்குங்கள், கையால் பின்னுவதை நேரில் பார்த்து. கல் வாங்கினால் ரசீது எடுங்கள். அந்த மும்மொழிக் கல் காலியில் இல்லை, கொழும்புத் தேசிய நூதனசாலையில். திரும்பும் வழியில் நேரமிருந்தால் பிள்ளைகளை இறக்கிக் காட்டுங்கள்.