மகளின் பங்கு

வரலாறு என்றதும் உங்கள் நினைவிற்கு வருவன பெரும்பாலும் போர்களும் பட்டாபிஷேகங்களுமே. இன்று நான் கூறப்புகுவது ஒரு வழக்கின் வரலாறு.

கேரளத்துச் சிரியன் கிறித்தவர்கள் தொன்மையான சிறுபான்மைச் சமூகத்தினர். அவர்தம் மகளிர் கல்வியில் பின்தங்கியவர் அல்லர். அச்சமூகத்தில் பிறந்த அன்னா சாண்டி அம்மையார் 1959ஆம் ஆண்டிலேயே கேரள உயர்நீதிமன்ற நீதிபதியாக அமர்ந்தார். ஆயினும் தந்தையின் சொத்தில் உடன்பிறந்தானுக்கு நிகரான பங்கு அச்சமூகத்து மகளிர்க்குக் கிட்டவில்லை.

திருவிதாங்கூர் அரசு 1916இல் இயற்றிய கிறித்தவர் வாரிசுரிமைச் சட்டமே அதற்குக் காரணம். தந்தை உயில் எழுதாது இறந்தால், மகனுடைய பங்கில் நாலில் ஒன்று, அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே மகளுக்கு உரியது. மகனுக்கு 40,000 ரூபாய் கிடைக்குமாயின், நாலில் ஒன்று 10,000 ஆகும். சட்டமோ 5,000 ரூபாயோடு நிறுத்திவிடும். சீதனம் கொடுத்திருந்தாலும், கொடுப்பதாக வாக்களித்திருந்தாலும் அதுவும் இல்லை.

மேரி ராய் என்னும் அம்மையார் கணவரைப் பிரிந்து, தம் மக்களுடன் உதகையில், மறைந்த தந்தையாரின் வீட்டில் தங்கியிருந்தார். வீட்டைக் காலி செய்யுமாறு உடன்பிறந்தாரே வற்புறுத்தினார். பின்னாளில் கோட்டயத்தில் பள்ளி நடத்திவந்த அம்மையார் உச்சநீதிமன்றத்தை நாடினார். அதுவரை நீதிமன்றங்களே இச்சட்டம் பற்றி இருவேறு கருத்துக் கொண்டிருந்தன. 1986 பிப்ரவரி 24ஆம் நாள் தீர்ப்பு வந்தது. 1951 ஏப்ரல் முதல் நாளிலிருந்தே பழைய சட்டம் செல்லாது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்பது அத்தீர்ப்பு. அச்சட்டப்படி மகனும் மகளும் சமம்.

இதனை எண்ணுந்தோறும் என் உள்ளம் அந்த 35 ஆண்டுகளிலேயே நிற்கிறது. பலர் ஏன் கேளாதிருந்தனர்? சிறுபான்மைச் சமூகத்துப் பெண் வழக்குத் தொடுத்தால் உடன்பிறந்தாரின் பகையோடு, தன் சமூகத்தையே ஊரார்முன் இழிவுபடுத்தினாள் என்ற பழியையும் சுமக்க நேர்கிறது. அப்பழி பலரை வாய்மூடச் செய்திருக்கும் என்று கருதுகிறேன்.

தீர்ப்போடு யாவும் முடிந்துவிடவில்லை. உயிலின்றி இறந்தவரின் சொத்துக்கே அது பொருந்தும். மகளை விலக்கி உயில் எழுதுவாரை அது தடுக்காது. மேரி ராய் அம்மையார் 2022இல் மறைந்தார். எஞ்சிய பணி இல்லங்களில் உள்ளது. மாணவியரே, உங்கள் பங்கைக் கேட்பது பகையன்று. மாணவர்களே, நாளை உங்கள் வீட்டில் பாகப்பிரிவினை நடக்கும்போது, தமக்கையோ தங்கையோ நீதிமன்றப் படியேற வேண்டாதபடி நடந்துகொள்ளுங்கள்.