செங்கதிரும் விதையுரிமையும்

காய்கறிப் பயிர்களின் வரலாற்றை ஆராயப் புகுவார்க்கு, விதை யார் கையில் இருந்தது என்னும் வினாவே முதற்கண் எழும். நம் சங்கத்து அன்பர்க்கு இதனை விளக்குவான் வேண்டி, அமெரிக்க நாட்டுத் தித்திப்பு மக்காச்சோளத்தின் கதையை ஈண்டு எடுத்துரைக்கின்றோம். அந்நாட்டார் இதனை இளங்கதிராகப் பறித்து அவித்துக் காய்கறியாகவே உண்பர்.

1902-ஆம் ஆண்டில் பர்ப்பீ என்னும் விதை வணிகர் 'கோல்டன் பாண்டம்' என்னும் மஞ்சள் மணி வகையை விற்பனைக்குக் கொணர்ந்தார். அக்காலத்து உழவன் நல்ல கதிரைத் தேர்ந்து உலர்த்தி வைப்பின், மறு ஆண்டுக்கு விதைக் கவலை இலன். 1908-இல் ஜார்ஜ் ஷல் என்னும் அறிஞர், தன் மகரந்தத்தாலேயே பெருகி மெலிந்த இரு வழிகளைக் கலப்பின் வீரியம் மிகும் எனக் காட்டினார். அதன்பின் ஒட்டுவிதை பரவலாயிற்று. விளைவு பெரிதே, யாம் அதனைப் பழியோம். ஆயினும் அதன் பயிரினின்று எடுத்த விதை ஒரு சீராக விளையாது பலவாறு சிதறும். ஆதலின் ஆண்டுதோறும் உழவன் கடைவாயிலிற் நிற்க நேர்ந்தது.

பிறிதோர் இடரும் உண்டு. இவ்வகை மணியில் மாச்சத்துக் குறைவு, சர்க்கரை மிகுதி. குளிர்ந்த ஈரமண்ணில் ஊன்றின் முளைக்குமுன் அழுகும். ஏனையோர் பூஞ்சைக்கொல்லி பூசிய விதையால் தப்புவர். இயற்கை வேளாண்மை செய்வார்க்கு அஃது ஆகாது. 2002-இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டு விதிகளும் அதனை விலக்கின.

மின்னசோட்டாவில் அவ்வாறு பயிரிட்ட மார்ட்டின் டிஃப்ளி என்னும் உழவரோடு, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வில்லியம் டிரேசியும் இயற்கை விதைக் கூட்டணியாரும் கைகோத்தனர். தேர்வு உழவர் வயலிலேயே நடந்தது. ஒவ்வொரு கதிரின் விதையிலும் ஒரு பகுதியைத் தனி வரிசையாக ஊன்றி, எஞ்சியதைப் பத்திரப்படுத்தினர். எவ்வரிசை குளிர்மண்ணில் விரைந்து முளைத்தது, எது துருநோய்க்குத் தப்பியது என்று நோக்கினர். கதிரைக் கடித்துச் சுவையும் பார்த்தனர். வென்ற வரிசைகளின் எஞ்சிய விதையை மட்டும் ஒருங்கே விதைத்துத் தம்முட் கலக்கவிட்டனர். இங்ஙனம் சில ஆண்டுகள் கழிந்தன. பேராசிரியர் ஒருவர் உழவனுடைய கண்ணையும் நாவையும் நம்பிய இச்செயல் எமக்குப் பேருவகை தருகின்றது. நம் இல்லத்து மூதாட்டியர் செழுங்கத்தரிக்காய் ஒன்றைப் பறிக்கவொட்டாது விதைக்கென நிறுத்தியது நினைவுக்கு வருகின்றது.

2014-இல் அவ்விதை வெளிவந்தது. இட்ட பெயரோ 'முத்தம் பெறுவார் யார்?' என்பது! தமிழ்ப்பாடஞ் சொல்லும் எமக்கு இப்பெயரை எழுதச் சற்று நாணமே. முற்காலத்தில் அந்நாட்டு ஊரார் ஒன்றுகூடிக் கதிருரிக்கும்போது, செங்கதிர் கண்டெடுத்தவர் தாம் விரும்பியவரை முத்தமிடலாம் என்பது வழக்கமாம். இதன் மணிகளோ மஞ்சளும் வெண்மையும் விரவியவை. விதை வாங்கியவர் தம் மண்ணுக்கேற்ற கதிரைத் தேர்ந்து மறு ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். அயல்வயல் மகரந்தம் காற்றில் வந்து கலவாது காத்தல் வேண்டும்.