மீன்தொட்டி மணல்

மீன்தொட்டி மணல்: வீட்டு நன்னீர் மீன்தொட்டியின் அடியில் பரப்பப்படும் படுகை. கோரிடோரஸ், அயிரை முதலியவை மணலைக் கிளறி இரைதேடும் மீன்கள். கூர்முனைச் சரளைக்கல் அவற்றின் மீசையைப் புண்ணாக்கக்கூடும்.

தேர்வு: 0.5 முதல் 1 மி.மீ. வரை பருமனுள்ள, முனை மழுங்கிய சிலிக்கா மணல் ஏற்றது. அது நீரின் தன்மையை மாற்றாது. பவளமணலும் கிளிஞ்சல் கலந்த கடற்கரை மணலும் நீரின் கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் கூட்டும். உலர்ந்த மணலில் சில சொட்டு வினிகர் விட்டுப் பார்க்கலாம். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது.

அமைத்தல்: மணலை வாளியில் சிறிது சிறிதாக இட்டு, கலங்கல் நீங்கும்வரை அலச வேண்டும், சோப்பு கூடாது. கனமான கற்களை முதலில் தொட்டியின் தளத்தில் அமர்த்தி, சுற்றிலும் 3–5 செ.மீ. உயரத்துக்கு மணல் பரப்பலாம். 60 × 30 செ.மீ. அடிப்பரப்புள்ள தொட்டியில் 4 செ.மீ. உயரத்துக்கு ஏறத்தாழ 11 கிலோ பிடிக்கும். மணல்மேல் தட்டு ஒன்றை வைத்து, அதன்மீது நீரை மெதுவாக ஊற்றினால் படுகை கலையாது.

பராமரிப்பு: ஆழமான மணலில் ஆக்சிஜன் குறைந்து, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு உருவாகலாம். மலேசிய டிரம்பெட் நத்தைகள் மணலுக்குள் புகுந்து கிளறிவிடும். படுகைக்கு அடியில் பொருத்தும் வடிகட்டியை நுண்மணல் அடைத்துவிடும். அவ்வகைத் தொட்டிக்கு மணல் பொருந்தாது.